வீட்டுக்குள் செம்பருத்தி: எந்த ஜன்னல், எவ்வளவு வெளிச்சம், என்ன பராமரிப்பு

அபார்ட்மெண்டில் செம்பருத்தி வளர்ப்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: செடி பச்சைப்பசேலென்று இருக்கிறது, பூவைத்தான் காணோம். உடனே உரக்கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். உரத்தில் கோளாறு இருப்பது அபூர்வம். செடி நிற்கும் இடத்தில் வெயில் போதவில்லை என்பதே காரணமாக இருக்கும்.

வெளிச்சத்தை அளக்க நம் கண் உதவாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் சொல்வார்கள்: நண்பகலில் மொட்டைமாடியில் விழும் வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ். டியூப்லைட் எரியும் ஹாலில் 200, 300 லக்ஸ் இருந்தால் அதிகம். இரண்டு இடத்திலும் நமக்குப் பேப்பர் படிக்க முடிவதால் ஹால் 'நல்ல வெளிச்சம்' என்று தோன்றுகிறது. செம்பருத்தி உயிரோடு இருக்க 2,000, 3,000 லக்ஸ் போதும். பூக்க வேண்டுமென்றால் இலைமேல் 15,000 லக்ஸுக்குக் குறையாமல் தினமும் நாலைந்து மணி நேரமாவது விழ வேண்டும். போனில் இருக்கும் லைட் மீட்டர் செயலி துல்லியமானதல்ல, ஆனால் வீட்டில் இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். செயலி இல்லாவிட்டால், செடி வைக்கப்போகும் இடத்தில் வெயில் வரும் நேரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாக, ஓரம் தெளிவாக நிழல் விழுந்தால் செம்பருத்திக்கு ஏற்ற இடம். மங்கலான திட்டாக விழுந்தால் அங்கே மணி பிளாண்ட் வையுங்கள்.

ஜன்னலைத் தேர்ந்தெடுப்பது

இணையத்தில் எங்கு தேடினாலும் 'தெற்கு ஜன்னலில் வையுங்கள்' என்றுதான் வரும். அது ஐரோப்பா, அமெரிக்கா போன்ற வடக்கு நாடுகளுக்குச் சொன்னது. சென்னை இருப்பது 13 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. கன்னியாகுமரிப் பக்கம் இது ஏப்ரல் இரண்டாம் வாரமே தொடங்கி செப்டம்பர் முதல் வாரம் வரை நீளும். வெயில் கொளுத்தும் மே மாதத்தில் தெற்கு ஜன்னலில் நேர்வெயில் விழாது என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நிலைமை தலைகீழ். டிசம்பர் நண்பகலில் சென்னையில் சூரியன் தெற்கே சுமார் 53 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்போதும் ஒரு சிக்கல் உண்டு: சன்ஷேடு. ஜன்னலுக்கு மேலே 2 அடி சன்ஷேடு நீட்டியிருந்தால், அந்த நேரத்தில் அதன் நிழல் கீழே ஏறக்குறைய இரண்டே முக்கால் அடி வரை இறங்கும். 4 அடி ஜன்னலில் அடிப்பகுதி ஒன்றேகால் அடிக்குத்தான் வெயில். செடி உயரமாக இருந்தால் உச்சி நிழலில் நிற்கும், இடுப்பு மட்டும் வெயில் காயும்.

வருடம் முழுவதும் நம்பக்கூடியது கிழக்கு ஜன்னல். எதிரே கட்டடம் மறைக்காவிட்டால் காலை ஆறரை, ஏழு மணி முதல் பத்தரை வரை நேர்வெயில் கிடைக்கும், இலை கருகாது. மேற்கு ஜன்னலிலும் கிட்டத்தட்ட அதே அளவு வெயில்தான், கூடவே சூடு. ஏப்ரல், மே மாதங்களில் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் இலைகள் பழுப்புத் திட்டாகக் கருகும். கண்ணாடிக்கும் இலைக்கும் அரை அடி இடைவெளி விட்டு, மதியம் இரண்டிலிருந்து நாலு வரை மெல்லிய வெள்ளைத் திரை போட்டால் சமாளிக்கலாம். வடக்கு ஜன்னலில் மே முதல் ஜூலை வரை காலையிலும் மாலையிலும் கொஞ்சம் சாய்வெயில் வரும். அதை நம்பிச் செம்பருத்தி வாங்க வேண்டாம்.

திசை சரியாக இருந்தும் பூக்காத வீடுகளில் பார்த்தால், தொட்டி தரையில் இருக்கும். நம் ஜன்னல்கள் தரையிலிருந்து சுமார் 3 அடி உயரத்தில்தான் தொடங்குகின்றன. 10 அங்குலத் தொட்டியில் ஒன்றரை அடிச் செடியைத் தரையில் வைத்தால், வெயில் அதன் தலைக்கு மேலாகப் போய் எதிர்ச் சுவரிலோ தரையிலோ விழும். தொட்டியின் விளிம்பு ஜன்னல் மேடையின் மட்டத்துக்கு வருமாறு 2 அடி ஸ்டூல் போட்டு, ஜன்னலிலிருந்து ஒன்றரை அடிக்குள் வையுங்கள். அடுத்தது கண்ணாடியும் வலையும். சன் கன்ட்ரோல் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி, நிறக் கண்ணாடி, தூசி படிந்த கொசுவலை, இவை ஒவ்வொன்றும் வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஸ்லைடிங் ஜன்னல் என்றால் செடி நிற்கும் பாதியில் வெறும் கண்ணாடி மட்டும் இருக்கட்டும். வலைக் கதவை மற்றப் பாதிக்குத் தள்ளிவிடுங்கள். வலையை மாதம் ஒருமுறை கழுவினாலே வித்தியாசம் தெரியும்.

செடி ஜன்னல் பக்கமே சாயும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்று திருப்புங்கள். இலையில் படியும் தூசியும் வெளிச்சத்தை மறைக்கும் என்பதால், பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாத்ரூமுக்குக் கொண்டுபோய் ஷவரில் குளிப்பாட்டுவது நல்லது.

எல்இடி விளக்கு போட்டால்?

போடலாம், ஆனால் கணக்குப் பார்த்துவிட்டுப் போடுங்கள். சாதாரண 20 வாட் வெள்ளை எல்இடி டியூப் இரண்டை இலைக்கு ஒரு அடி மேலே தொங்கவிட்டு தினமும் 12 மணி நேரம் எரித்தால், ஓரளவு ஜன்னல் வெளிச்சம் பெறும் செடிக்கு நல்ல துணை. மாதத்துக்குச் சுமார் 15 யூனிட் ஆகும். ஜன்னலே இல்லாத மூலையில் இந்த இரண்டு டியூப் மட்டும் செடியைப் பூக்க வைக்காது. அதற்கு 2 அடிக்கு 2 அடி பரப்புக்கு 100 வாட் அளவிலான செடி விளக்கு வேண்டும். இரண்டு மாத மின் கட்டணத்தில் அது 72 யூனிட். நாலு பூவுக்கு இது கட்டுப்படியாகுமா என்பதை வீட்டில் பில் கட்டுபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊதா நிறத்தில் எரியும் கிளிப் விளக்குகளில் பெரும்பாலானவை வாட் குறைந்தவை. பூக்க வைக்கும் வலு அவற்றுக்கு இல்லை.

வெளிச்சம் சுமார்தான், ஆனாலும் செம்பருத்திதான் வேண்டும் என்பவர்களுக்கு மிளகாய்ச் செம்பருத்தி இருக்கிறது. மொட்டுச் செம்பருத்தி என்றும் சொல்வார்கள். பூ விரியாமல் சுருட்டியபடியே தொங்கும். நெருங்கிய உறவுச் செடிதான், அரைநிழலை அதிகம் தாங்கும்.

செடி வாங்கும்போது

பெரிய பூ விடும் ஹைப்ரிட் ரகங்கள் கண்ணைப் பறிக்கும். வீட்டுக்குள் வளர்க்க நாட்டு ஒற்றைச் சிவப்பு அல்லது சின்ன இலை ரகம் மேல். வெட்டினால் சீக்கிரம் துளிர்க்கும், அடிக்கடி பூக்கும், நோய் தாங்கும். ஹைப்ரிட் வாங்கினால் அது குட்டையாகவே இருக்குமென்று நம்ப வேண்டாம். வளர்ச்சியைக் குறுக்கும் மருந்து கொடுத்து விற்பதுண்டு. சில மாதங்களில் அதன் வேகம் தீர்ந்ததும் கணு இடைவெளி நீண்டு செடி நெட்டையாகும்.

வெளியூர் நர்சரியிலிருந்து வரும் செடிகளின் வேர் பெரும்பாலும் இறுகிய களிமண் உருண்டைக்குள் இருக்கும். அதை அப்படியே புதுக் கலவையில் வைத்தால், சுற்றிலும் ஈரம் இருந்தாலும் உருண்டைக்குள் தண்ணீர் இறங்காது. அல்லது இறங்கியது வெளியே வராது. வாங்கிய கையோடு மாற்றாமல் பத்து நாள் ஜன்னலருகே பழகவிடுங்கள். பிறகு உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, வெளிப்புற மண்ணில் மூன்றில் ஒரு பங்கை விரலால் கரைத்து எடுத்துவிட்டு நடுங்கள். நடுப்பகுதியைத் தொட வேண்டாம்.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரம் இலை மஞ்சளாகி உதிரும். செடி புது வெளிச்சத்துக்குத் தன்னை மாற்றிக்கொள்கிறது. பயந்துபோய் உரமும் கூடுதல் தண்ணீரும் கொடுப்பதுதான் அந்தச் சமயத்தில் செடியைக் கொல்லும்.

தொட்டியும் கலவையும்

10 அங்குலத் தொட்டிக்கு: சலித்த செம்மண் 3 லிட்டர், அலசிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 3 லிட்டர், மண்புழு உரம் 2 லிட்டர், பெர்லைட் (தண்ணீர் தேங்காமல் வடிய உதவும் வெள்ளைக் குருணை) ஒன்றரை லிட்டர், வேப்பம் புண்ணாக்கு 50 கிராம். பெர்லைட் கிடைக்காவிட்டால் கழுவிய பருமணல். எம்-சாண்ட் என்றால் தூள் போகும்வரை நன்றாகக் கழுவ வேண்டும். கோகோபீட்டை இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசுங்கள். அதிலுள்ள உப்பு இலை நுனியைக் கருக்கும். புண்ணாக்கு நாலைந்து நாள் நாறும். அந்த நாட்களில் தொட்டி பால்கனியில் இருக்கட்டும்.

நட்டதும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடித்துளையில் சொட்ட ஆரம்பிக்க வேண்டும். மேலே குளமாக நின்றால் மணலோ பெர்லைட்டோ இன்னும் சேர்க்க வேண்டும். தொட்டியை மாற்றும்போது ஒரு அளவு மட்டும் கூட்டுங்கள்: 8 அங்குலத்திலிருந்து 10, அதிலிருந்து 12. வேர் கொஞ்சம் நெருக்கமாக இருந்தால் பூவுக்குக் கெடுதல் இல்லை. பெரிய தொட்டியில் வேர் எட்டாத ஈர மண் அழுகலில்தான் முடியும்.

தண்ணீர்

ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்று வேண்டாம். காய்ந்திருந்தால் அடியில் வழியும்வரை ஊற்றி, அரைமணி கழித்துத் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். கோடையில் மேற்கு ஜன்னல் செடி தினமும் கேட்கும்; ஏசி அறையில் மழைக்காலத்தில் நாலைந்து நாள்கூட ஈரம் நிற்கும். 'தினம் ஒரு டம்ளர்' என்ற பழக்கம் மேல்மண்ணை மட்டும் நனைத்து அடிவேரைக் காயப்போடும்.

என்ன தண்ணீர் என்பதும் முக்கியம். கடினமான போர்வெல் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணின் காரத்தன்மை ஏறி, இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் செடிக்கு எட்டாமல் போகும். துளிர் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக வலைபோலத் தெரிந்தால் இதுதான். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுநீரில் உப்பு இன்னும் அதிகம், அதைத் தவிருங்கள். மாறாக, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. ஒரு பக்கெட்டில் பிடித்து, குழாய்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். தொட்டி ஓரத்திலும் மண்மேலும் வெள்ளைப் பொருக்கு படிந்தால், பாத்ரூமில் வைத்துத் தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பை வெளியேற்றுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் நல்லது.

மஞ்சள் இலை எல்லாமே ஒரே நோயின் அடையாளமல்ல. அடியில் ஒன்றிரண்டு கிழ இலை பழுத்தால் அது வயது. பழைய இலையில் நரம்புக்கு நடுவே மஞ்சள் பூத்தால் மக்னீசியம் குறைவு. எப்சம் உப்பு லிட்டருக்கு 2 கிராம் கரைத்து ஊற்றலாம். மண் ஈரமாக இருக்கும்போதே இலை துவண்டு மஞ்சளானால் வேர் அழுகுகிறது. தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள்; பழுப்பாகக் குழைந்திருப்பதை வெட்டி எறிந்துவிட்டு, மேல்செடியிலும் அதே அளவு குறைத்து, புதுக் கலவையில் சின்னத் தொட்டிக்கு மாற்றுங்கள்.

உரம்

செம்பருத்திக்குச் சாம்பல்சத்து (பொட்டாஷ்) அதிகம் வேண்டும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவாகப் போதும். நம் ஊரில் 'பூ வரும்' என்று சொல்லி டிஏபியும் எலும்புத்தூளும் தூவுகிறார்கள். இரண்டிலும் மணிச்சத்துதான் தூக்கல். அது தேங்கினால் இரும்பையும் துத்தநாகத்தையும் செடி எடுத்துக்கொள்வது குறையும். கடையில் கிடைக்கும் 13:0:45 உரத்தை (எண்கள் வரிசையாகத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்தின் அளவு) லிட்டருக்கு 1 கிராம் கரைத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஈரமான மண்ணில் ஊற்றுங்கள். மூன்றாவது தடவை மட்டும் அதற்குப் பதில் 19:19:19, அதே அளவு. மாதம் ஒருமுறை நுண்ணூட்டக் கலவை. துளிர் மஞ்சளுக்கு இரும்புச் செலேட் வாங்கும்போது பாக்கெட்டில் 'இடிடிஎச்ஏ' (EDDHA) வகையா என்று பாருங்கள். மலிவான இடிடிஏ (EDTA) வகை, காரத்தன்மை ஏறிய மண்ணில் சீக்கிரம் செயலிழந்துவிடும்.

அடைமழை மாதங்களிலும் செடி துளிர்க்காமல் நிற்கும்போதும் உரத்தை நிறுத்திவிடுங்கள். வாழைப்பழத் தோல் ஊறவைத்த தண்ணீரும் அரிசி கழுவிய தண்ணீரும் தோட்டத்துக்குப் போகட்டும். வீட்டுக்குள் அவை வளர்ப்பது பெரும்பாலும் கொசுபோன்ற சின்ன ஈக்களைத்தான்.

மொட்டு உதிர்ந்தால்

விழுந்த மொட்டை எறியாமல் நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளையாகச் சின்னப் புழு நெளிந்தால் மொட்டு ஈ. அது மண்ணில்தான் கூட்டுப்புழுவாகும் என்பதால், உதிர்ந்ததையும் மஞ்சளாகி நிற்பதையும் அன்றன்றே பொறுக்கிக் கவர் போட்டுக் கட்டிக் குப்பையில் போட வேண்டும். தொட்டி மண்மேல் விட்டுவைக்கக் கூடாது. இதழ் ஓரம் கருகி, தாளில் தட்டினால் நூல் துண்டுபோல நகர்பவை விழுந்தால் இலைப்பேன். உள்ளே சுத்தமாக இருந்தால் சிக்கல் இடத்தில்: ஒருநாள் மண் முழுக்கக் காய்ந்திருக்கும், ஏசிக் காற்று நேராக அடித்திருக்கும், அல்லது மொட்டு வந்த பிறகு தொட்டியை வேறு அறைக்கு மாற்றியிருப்பீர்கள். ஏசியின் 24 டிகிரி குளிர் செடிக்கு ஒன்றும் செய்யாது. கெடுதல் செய்வது நேரே வீசும் வறண்ட காற்றுதான். நாட்டு ஒற்றைப்பூ விரிந்த அன்றே வாடி விழுவது அதன் இயல்பு, அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மாவுப்பூச்சி

செம்பருத்திக்கு முதல் எதிரி இதுதான், வீட்டுக்குள் இன்னும் மோசம். பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவைப் பகுதியில் தலைகாட்டி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று பரவியபோது, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்டுத்தான் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். தோட்டத்துச் செடிக்கு அந்தக் குளவியும் பொறிவண்டும் காவல் இருக்கின்றன. உங்கள் கொசுவலையைத் தாண்டி அவை ஹாலுக்கு வரப்போவதில்லை. அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

முதல் அறிகுறி செடியில் தெரியாது, தரையில் தெரியும். தொட்டிக்குக் கீழே டைல்ஸில் பிசுபிசுவென்று ஒட்டினால், அல்லது எறும்பு வரிசை ஏறினால், பூதக்கண்ணாடியோடு உட்காருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கு, மொட்டின் அடியில் பச்சைப் புல்லி சூழ்ந்த பள்ளம், இலையின் அடிப்புறம் நடுநரம்பு ஓரம், கடைசியாகத் தொட்டியின் வடிகால் துளை. பஞ்சுத் துணுக்குபோல ஒட்டியிருப்பதை ஊசியால் குத்தினால் உள்ளே உடம்பு இருக்கும். நுனித் துளிர் விரியாமல் முட்டைகோஸ்போலச் சுருண்டு கெட்டியாகியிருந்தால் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி; அந்த நுனியைத் தெளித்துக் காப்பாற்ற முடியாது. 4 அங்குலம் கீழே வெட்டி, பையில் கட்டி வெளியேற்றுங்கள்.

மீதிக்கு: பாத்ரூமில் சாய்த்து வைத்து ஹெல்த் ஃபாஸெட்டால் இலையின் அடிப்புறமாகப் பீய்ச்சுங்கள். தொட்டி வாயைப் பாலித்தீன் பையால் கட்டிக்கொண்டால் மண் சேறாகாது. இடுக்கில் ஒளிந்திருப்பதை, 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த இயர்பட்ஸால் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். மாலையில் வேப்பெண்ணெய் 5 மில்லியைப் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு 2 மில்லியோடு முதலில் குழைத்து, பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கித் தெளியுங்கள். எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும்; தெளிப்பானில் முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் வெறும் எண்ணெயும் வந்து இலையைக் கருக்கும். மறுநாள் வெயில் ஏறுமுன் இலையைக் கழுவிவிடலாம். முட்டைகள் இந்த மருந்துக்குத் தப்பிவிடும். ஆகவே ஆறேழு நாள் இடைவெளியில் மூன்று முறையாவது செய்ய வேண்டும். இரண்டாவது முறையோடு நிறுத்துபவர்கள்தான் 'வேப்பெண்ணெய் வேலை செய்யவில்லை' என்கிறார்கள்.

ஏசி அறையில் இலைமேல் ஊசி குத்தியதுபோல வெளிர்ப் புள்ளிகள் பரவினால் சிலந்திப்பேன். அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படை தெரியும். இதற்கும் தண்ணீர்ப் பீய்ச்சலே முதல் மருந்து, மூன்று நாளுக்கு ஒருமுறை.

கவாத்து

பூ புதுத் துளிரில்தான் வரும். எனவே வெட்டப் பயப்படக் கூடாது. எப்போது வெட்டுவது என்பதை உங்கள் ஜன்னல் சொல்லும். வெட்டிய பிறகு பூவுக்கு ஏழெட்டு வாரமாவது ஆகும். அந்தப் பூக்காலம் உங்கள் ஜன்னலில் வெயில் விழும் மாதங்களோடு பொருந்த வேண்டும். கிழக்கு, மேற்கு ஜன்னலுக்குப் பொங்கல் கழிந்ததும் வெட்டுங்கள், மார்ச் மாதம் மொட்டு தெரியும். தெற்கு ஜன்னலுக்கு ஆகஸ்ட் கடைசி. சூரியன் தெற்கே இறங்க இறங்கத் துளிர் வளரும், மழை விட்டதும் பூக்கும்.

ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டுங்கள். எல்லாக் கிளையையும் ஒரே நாளில் வெட்டினால் இரண்டு மாதம் பூவே இருக்காது. பாதியை இப்போது, மீதியை மூன்று வாரம் கழித்து என்று பிரித்துக்கொள்ளலாம். புதுத் துளிர் அரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளினால் இரண்டாகக் கிளைக்கும்.

வெட்டியதில் பென்சில் பருமனுள்ள 6 அங்குலக் குச்சிகளை எறியாதீர்கள். மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கி, கீழ்முனையில் வேர்ப்பொடி தொட்டு, ஈரமான கோகோபீட்டும் மணலும் கலந்த கப்பில் செருகிப் பாலித்தீன் பையால் மூடி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். நாட்டு ரகம் நாலு வாரத்தில் வேர் விடும். ஹைப்ரிட் இழுத்தடிக்கும், பல விடவே விடாது. அதனால்தான் அவற்றை நாட்டுக் குச்சிமேல் ஒட்டுக்கட்டி விற்கிறார்கள். உங்களுடையது ஒட்டுச்செடி என்றால், ஒட்டின் தழும்புக்குக் கீழே கிளம்பும் துளிரைப் பார்த்தவுடன் அடியோடு கிள்ளிவிடுங்கள். விட்டுவைத்தால் ஒரே வருடத்தில் மேலே இருந்த ஆரஞ்சுப் பூ காணாமல் போய், தொட்டி முழுக்க அடிச்செடியே நிற்கும்.